சறோ அக்கா கீறிய பிளேட்

பேய், பிசாசு, ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். அம்மன் கோயில் சடங்கில் தெய்வமாடுகிறவர்களைப் பார்த்து, “உடம்பில சீனி குறைஞ்சிட்டு, ஒரு சோடாவைக் குடுங்க” என்று சொல்லி, ஆரையம்பதிக்காரியான என் மனைவியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். கண்ணால் கண்டது கூட எனக்குப் போதாது. சாயம் போட்டு, லென்ஸுக்குக் கீழே வைத்துப் பார்த்த பிறகுதான் ஒன்றை இருக்கிறது என்று ஒத்துக்கொள்வேன். தொழில் அப்படி. மட்டக்களப்புப் பக்கத்து வைத்தியசாலை ஒன்றின் ஆய்வுகூடத்தில் சீழ், சளி, இரத்தம், சிறுநீர் இவற்றில் என்ன கிருமி இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிற வேலை. எந்த வைத்தியசாலை என்று கேட்காதீர்கள். இதில் பிழை விட்டது நான், கட்டிடம் அல்ல.

நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். நம்பாவிட்டாலும் பரவாயில்லை, கேளுங்கள்.

முதலில் சறோ அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு மூத்தவர், அதே ஆய்வுகூடத்தில் என்னோடு வேலை செய்தவர், இடக்கைக்காரி. நோயாளியின் சீழை ஒரு துளி எடுத்து, உணவுக்கூழ் ஊற்றிய வட்டமான பிளேட்டில் கம்பி வளையத்தால் கோடு கோடாகக் கீறுவோம். பிறகு அதை இன்கியூபேட்டர் என்கிற சூட்டுப் பெட்டியில் வைத்தால் கிருமி அந்தக் கோடுகளில் புள்ளி புள்ளியாக வளரும். இந்தக் கீறல் இருக்கிறதே, அது கையெழுத்து மாதிரி. யார் கீறியது என்று பார்த்தவுடன் தெரியும். சறோ அக்காவின் கோடுகள் எதிர்ப்பக்கமாக வளைந்து போய், முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு கொக்கி போட்டு நிற்கும்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. இரண்டு நாளில் பார்த்துவிட்டுக் கழிக்கிற பிளேட்டை அவர் கழிக்க விட மாட்டார். கண்ணாடியில் எழுதுகிற நீலப் பென்சிலால் அடியில் “வை” என்று எழுதி, நாலு நாள், ஐந்து நாள் உள்ளேயே வைத்திருப்பார். “அக்கா அடைகாக்கிறா” என்று நான் பகிடி பண்ணுவேன்.

“நீ அவசரக்காரன்டா தம்பி,” என்பார். “சேத்துக்குள்ள இருக்கிற கிருமி ஒண்டு இருக்கு. அவன் மெதுவா வாற ஆள். நாலு நாள் வைச்சாத்தான் முகத்தைக் காட்டுவான்.”

அந்தக் கிருமியை அவர் ஒருமுறை பிடித்தும் காட்டினார். வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயற்காரர் ஒருவரின் காயத்திலிருந்து வந்தது. நாலாம் நாள் பிளேட்டில் புள்ளிகள் காய்ந்து சுருங்கிப் போயிருந்தன, மூடியைத் திறந்தால் உழுத வயல்வட்டையில் மழை விழுந்த மணம். மெலியோய்டோசிஸ் என்கிற நோய். வழக்கமாக வார்ட்டில் ஏற்றுகிற மருந்து அதற்குக் கேட்காது, வேறு மருந்து வேண்டும். அந்த மனிதர் பிழைத்துப் போனார்.

சறோ அக்காவின் வீடு கடற்கரையோடு. சுனாமி அன்று ஞாயிற்றுக்கிழமை, அவருக்கு லீவு. மூன்றாம் நாள்தான் உடலை எடுத்தார்கள். நான் போய்ப் பார்த்தேன், நானும் சேர்ந்து தூக்கினேன். அவர் இறந்ததில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் சொல்ல வந்தது அதற்கு இரண்டு வருடத்துக்குப் பிறகு நடந்தது. சண்டை வாகரைக்கு வந்து, அந்தப் பக்கத்துச் சனமெல்லாம் காட்டாலும் சேற்றாலும் நடந்து எங்கள் பக்கம் வந்து சேர்ந்த காலம். வார்ட்டில் கட்டிலுக்குக் கீழேயும் ஆட்கள். ஆய்வுகூடத்தில் நானும், பாத்திரம் கழுவுகிற நவம் அண்ணனும் மட்டும்தான். வாகரைப் பக்கத்துக் கதிரவெளியைச் சேர்ந்த தவராசா என்ற மீன்பிடிகாரரின் சீழ் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. காலில் கட்டி, விடாத காய்ச்சல், சலரோகம் என்கிற சீனி வருத்தமும் இருந்தது. இலக்கம் முன்னூற்றிப் பதினெட்டு.

வியாழக்கிழமை பிளேட்டைப் பார்த்தேன். வெளிறிய சின்னப் புள்ளிகள், அதோடு வேறு இரண்டு மூன்று விதமும் கலந்து கிடந்தன. இன்னும் இரண்டு நாள் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. உள்ளே இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், உண்மையில் எனக்கு அலுப்பு. “மாதிரியில் கலப்பு, மீண்டும் அனுப்பவும்” என்று ரெஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்து வைத்தேன். பிளேட்டைக் கழிவு வாளியில் போட்டு, வாளியை நானே ஓட்டோக்கிளேவ் என்கிற, கிருமி கொல்லும் நீராவிப் பெட்டியில் ஏற்றினேன். அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் பிளேட்டெல்லாம் உருகி ஒரே கட்டியாகிவிடும். அந்தக் கட்டியை அன்று பின்னேரம் என் கண்ணால் பார்த்தேன்.

சனிக்கிழமை மதியம், வீட்டுக்குப் போக முன் இன்கியூபேட்டரைத் திறந்தேன். கீழ்த்தட்டில், பின்னுக்கு, தனியாக ஒரு பிளேட்.

எடுத்துத் திருப்பினேன். அடியில் முன்னூற்றிப் பதினெட்டு, நீலப் பென்சிலில். பக்கத்தில் “வை”. அப்போது எங்களிடம் இருந்தது சிவப்புப் பென்சில் மட்டும்தான், நீலம் வந்தே ஒரு வருடத்துக்கு மேல். கோடுகள் எதிர்ப்பக்கமாக வளைந்து, முடிவில் கொக்கியோடு இருந்தன. புள்ளிகள் காய்ந்து சுருங்கியிருந்தன. மோந்து பார்க்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் சட்டம், ஆனால் நான் மோந்து பார்க்கவில்லை, மூடியைத் தூக்கியதும் அந்த மண் மணம் தானாக வந்தது.

தொழில் விடவில்லை. வடிகட்டித் தாளில் மருந்து விட்டு ஒரு புள்ளியைத் தேய்த்தேன், ஊதா நிறம் வந்தது. அந்தக் கிருமிக்கு வர வேண்டிய நிறம்தான். கனவில் ஊதா வராது என்று எனக்கு நானே சொன்னது நினைவிருக்கிறது.

நவம் அண்ணனைக் கூப்பிட்டு, ஒன்றும் சொல்லாமல் பிளேட்டைக் காட்டினேன். மனிதர் அதை வாங்கி நன்றாகப் பார்த்தார்.

“சறோ மிஸ்ஸிட கீறல் போல கிடக்கு சேர்,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “வார்ட்டுக்குச் சொல்லுவமா?” என்று கேட்டார்.

அந்த மனிதருக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பது பொய், தோன்றியது. ஆனால் சொன்னால் என்ன கேட்பார்கள்? கழித்ததாகக் கையெழுத்து வைத்த பிளேட் எங்கிருந்து வந்தது என்பார்கள். இரண்டு நாளில் ஏன் கழித்தாய் என்பார்கள். பேய்க்குப் பயந்தேன் என்று சொன்னால் இன்றைக்கு எனக்கு மரியாதையாக இருக்கும். நான் பயந்தது ரெஜிஸ்டருக்கு.

“ஒருத்தருக்கும் சொல்லாதீங்க அண்ணன். இரண்டாவது மாதிரி வரட்டும், திங்கக்கிழமை பாப்பம்,” என்றேன். பிளேட்டை இருந்த இடத்திலேயே வைத்துப் பூட்டினேன்.

வெளியே வந்தால் யன்னலடியில் தவராசாவின் மனைவி, இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை.

“ஐயா, என்ட மனுசன்ட ரிப்போட் துண்டு வந்திட்டா? டொக்டர் அதைத்தான் எதிர்பாத்துக்கொண்டிருக்கார். காச்சல் விடுதில்ல.”

“திங்கக்கிழமை வாங்க தங்கச்சி.”

“திங்கக்கிழமை கட்டாயம் தருவீங்களா ஐயா?”

“ஓம், ஓம்” என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தேன். வீட்டில் அன்று இறால் கறி. சாப்பிட்டேன். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஞாயிறு முழுக்க எனக்குள்ளேயே அடிபட்டு, என்ன வந்தாலும் சொல்லிவிடுவது என்ற முடிவோடு திங்கள் விடிய முதலே போனேன். பூட்டு நான் போட்டபடி. இன்கியூபேட்டரைத் திறந்தேன், கீழ்த்தட்டில் ஒன்றும் இல்லை. எல்லாத் தட்டையும் இழுத்துப் பார்த்தேன், இல்லை. மேசையில் அந்த வடிகட்டித் தாள் மட்டும் கிடந்தது, ஊதா கறுத்துப்போய்.

வார்ட்டுக்கு ஓடினேன். கட்டிலில் வேறு ஆள். “அவர் நேத்து விடியக் காலம முடிஞ்சிட்டார்,” என்றார் தாதி.

சனிக்கிழமை சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா? மருந்து மாற்றியிருப்பார்கள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மிச்சத்தைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஒன்பது மணியளவில் யன்னலில் தட்டும் சத்தம். அதே பெண், அதே இரண்டு பிள்ளைகள்.

“திங்கக்கிழமை வரச் சொன்னீங்க ஐயா.”

நான் எழுந்து யன்னலடிக்குப் போனேன். அவளே சொன்னாள்: “அவருக்கு இனித் துண்டு தேவையில்லதான். இந்தப் பிள்ளையளும் அதே சேத்துத் தண்ணிக்குள்ளாலதான் நடந்து வந்ததுகள். என்ன கிருமி எண்டு தெரிஞ்சா, இதுகளையும் காட்டலாம் எண்டு வந்தன்.”

நான் சொன்ன பதிலை இத்தனை வருடத்தில் என் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை.

“ஒண்டும் வளரல்ல தங்கச்சி. பயப்பிடத் தேவையில்ல.”

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். கும்பிட்டுவிட்டு என்றால், இரண்டு கையும் எடுத்து. வெட்கம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, இன்றைக்கும் அது குறையவில்லை. சனம் திரும்பிக் குடியேறிய பிறகு ஒருமுறை கதிரவெளி வரை பஸ்ஸில் போனேன். இறங்கினேன். ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டேன். அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியாது.

இத்தோடு முடிந்திருந்தால், அலுப்பிலும் குற்ற மனதிலும் எதையோ கண்டிருக்கிறேன் என்று நானே சொல்லியிருப்பேன். நவம் அண்ணன் மட்டும் அதற்குச் சம்மதிக்க மாட்டார், “நானும் பாத்தன்தானே சேர்” என்பார்.

யுத்தம் முழுதாக முடிந்த வருடம், மாரி மழையில், பழுகாமத்திலிருந்து ஒரு பெண் காய்ச்சலோடு வந்தாள். அதற்குள் எந்தப் பிளேட்டையும் ஐந்து நாளுக்கு முன் கழிக்காதவனாக நான் மாறியிருந்தேன். இந்தமுறை மூன்றாம் நாளே சந்தேகப்பட்டு வார்ட்டுக்குச் சொன்னேன், மருந்து மாற்றினார்கள், அவள் நடந்து வீட்டுக்குப் போனாள். அந்தப் பிளேட்டைப் பார்க்க வந்த டொக்டர் அதை வெளிச்சத்துக்குப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வடிவாக் கீறியிருக்கு. ஆர், இடக்கை ஆளா?”

கீறியது நான். நான் வலக்கைக்காரன். வாங்கிப் பார்த்தேன். கோடுகள் எதிர்ப்பக்கமாக வளைந்து, முடிவில் கொக்கியோடு நின்றன.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் இன்கியூபேட்டரை மூட முன் அன்றைக்குக் கீறிய பிளேட்டுகளை எடுத்துப் பார்ப்பேன். அநேகமான நாட்களில் எல்லாம் என் கோடுகள்தான். சில நாளில் ஒன்று மட்டும் அப்படி இருக்காது. அப்போது அதன் இலக்கத்தைப் பார்த்து, கிருமி வளர முன்பே, வார்ட்டுக்கு நானே நடந்து போய்ச் சொல்லிவிடுவேன். எப்படித் தெரியும் என்று கேட்கிறார்கள். நான் சொன்னது இன்றுவரை ஒருமுறையும் தவறியதில்லை.