ஏரிப் பூங்காச் சுரங்கத்தில் மூன்று தட்டு

இப்போதைய ஜனங்களுக்கு எதன் மேலும் மரியாதை கிடையாது. சீனத்துச் சோங்சிங்கில் வெயில் நாற்பதைத் தொட்டால் போதும். எங்கள் ஏரிப் பூங்காவின் பதுங்கு சுரங்கத்துக்குள் பாயைப் போட்டு, தர்பூசணி தின்று, விதையை அங்கேயே துப்புகிறார்கள். குண்டு விழுந்தால் ஒளிவதற்கென்று 1970-ல் நாங்கள் கையால் வெட்டியது அது. வெட்டிய மண்ணைக் கொட்டித்தான் வெளியே அந்தக் குன்று வந்தது. இன்று கல்யாண ஜோடிகள் அதன்மேல் ஏறிப் போட்டோ எடுக்கிறார்கள்.

நான் சொல்வது நடந்தது. நம்பினால் நம்புங்கள்.

போன ஆகஸ்ட் 14. மதியம் 2.40. சுரங்கத்தின் கடைசியில், செங்கல் வைத்து அடைத்த சுவரில் சாய்ந்துகொண்டு மாஜோங் காயாட்டம் ஆடிக்கொண்டிருந்தேன்.

டக்... டக்... டக்.

முதுகில் உறைத்தது. எங்கள் காலத்தில் மூன்று தட்டு என்றால், உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

"யாரு தட்றது?"

எதிரே இருந்த பக்கத்து வீட்டு பாங் சிரித்தாள். "தோக்கப் போறப்ப மட்டும் உங்களுக்குக் காது கேக்குமே லூ அண்ணே! காயைப் போடுங்க."

என் டீயில் மட்டும் மண் உதிர்ந்து கிடந்தது.

சுவரைத் தொட்டேன். சுற்றிலும் சில்லென்று ஈரம். ஓரிடம் மட்டும்... உள்ளங்கை அகலத்துக்கு... கதகதப்பு.

2.43. மறுபடி மூன்று.

பிறகு குரல்.

"லூ... சோத்து மணி அடிச்சாச்சாடா?"

தாவ்.

எழுந்து ஓடினேன்.

தாவ் என்னோடு மண் வெட்டியவன். அவனைப் பற்றி ஐம்பத்து நாலு வருஷமாக நான் வாய் திறந்ததில்லை. உள்ளே போகிறவன் தன் பெயர் எழுதிய மரக்கட்டையைச் சுரங்க வாசல் ஆணியில் மாட்ட வேண்டும். வெளியே வந்தால் எடுக்க வேண்டும். அன்று சோற்று வரிசையில் இரண்டு பேருக்கும் இடம் பிடிக்க, தாவின் கட்டையையும் எடுத்துக்கொண்டு நான் முந்தி வந்துவிட்டேன். கூரை சரிந்தது. ஆணிகள் காலி.

"எல்லாரும் வந்தாச்சா?" என்றார் எங்கள் வேலைக்குழுத் தலைவர்.

அவனும் பின்னாலேயே வந்திருப்பான் என்று நினைத்து... இல்லை, பொய் எதற்கு? பயந்து போய் "வந்தாச்சு" என்றேன். சுவர் வைத்து அடைத்தார்கள். தாவ் வேலைக்குப் பயந்து ஓடிவிட்டான் என்று எழுதினார்கள். அவன் அம்மா அந்தப் பேரோடுதான் செத்தாள்.

அன்றே பூங்கா அலுவலகத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அக்டோபரில் சுவரை உடைத்தார்கள்.

எலும்பு எங்கேயும் இல்லை.

சரிந்த மண்ணுக்கு அப்பால் ஒரு பொந்து. ஆள் தவழும் அளவு. நாங்கள் வெட்டாதது. இருபத்திரண்டு மீட்டர்.

"ஒத்த ஆளு வெட்டினது. ஒரு மாசமாவது ஆயிருக்கும்" என்றார் பொறியாளர்.

அது முடிந்த இடம், நாங்கள் சோறு தின்ற கொட்டகைக்கு நேர் கீழே. மேலே வர இன்னும் மூன்றடிதான் பாக்கி.

அன்று சுவர் அடைத்த பிறகு, அந்த மாதம் முழுக்கக் கொட்டகைத் தரையில் சத்தம் கேட்டது. எலி என்று சொன்னவன் நான்தான்.

பாங் மெல்லக் கேட்டாள். "அப்ப அன்னிக்குத் தட்டினது அவர்தானே, அண்ணே?"

"சோறு தண்ணி இல்லாம ஒரு மாசம் எவன் வெட்டுவான்? ஏதாவது குழாய்ச் சத்தமா இருக்கும்."

பொந்துக்குள் எட்டிப் பார்க்காமலே வெளியே நடந்தேன்.