துரைசாணிக்குப் பத்து நாள் மருந்து

மஞ்சக்குட்டை அங்கன்வாடியில் உதவியாளராக இருக்கும் பூவாயிக்குக் குதிரை என்றால் பயம். மாடு, நாய், மழைக்காலத்தில் வாசலுக்கு வரும் பாம்பு எதற்கும் அஞ்சாதவர். குதிரை மட்டும் ஆகாது. அவ்வளவு பெரிய உடம்பு எந்த நேரத்தில் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்குத் தெரியும் என்பார். அப்படிப்பட்டவர்தான் சென்ற கார்த்திகையில் பத்து நாள் ஒரு குதிரையின் வாய்க்குள் மருந்து செலுத்தினார்.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. தாத்தா காலத்தில் காப்பி எஸ்டேட் வேலைக்காகச் சமவெளியிலிருந்து மலையேறி வந்த குடும்பம். கணவர் மிளகு பறிக்கும் ஏணியிலிருந்து விழுந்து இறந்தபோது பூவாயிக்கு இருபத்தாறு வயது, மகள் மலருக்கு மூன்று. அந்த வருடமே அங்கன்வாடி வேலை கிடைத்தது. சமைப்பதும் பெருக்குவதும் பிள்ளைகளை வீடு வீடாகப் போய்க் கூட்டி வருவதும்தான் வேலை. ஆனால் ஊர் அவரை அறிந்திருப்பது வேறொன்றுக்காக. மருந்து குடிக்காத பிள்ளை அவரிடம் குடித்துவிடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கே இருந்த டீச்சர், பூச்சி மாத்திரையை மிட்டாய் என்று சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகள் நம்பி மென்றார்கள், துப்பினார்கள். அதற்குப் பிறகு நான்கு நாள் அந்த டீச்சர் கையால் கொடுத்த சத்துமாவு உருண்டையைக்கூட ஒரு பிள்ளையும் வாங்கவில்லை. பூவாயி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து எந்த மருந்தானாலும் முதலில் ஒரு துளி தன் நாக்கில் வைத்துப் பார்ப்பார். பிறகு பிள்ளையைப் பார்த்து உண்மையைச் சொல்வார். “கசக்கும் சாமி. பத்து எண்ணறதுக்குள்ள போயிரும். எண்ணலாமா?”

அப்படி அவரிடம் எண்ணி வளர்ந்தவர்களில் ஒருவன் ஷெர்வின். இப்போது முப்பதை நெருங்குகிறான். ஏரிக்கரையில் சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிச் செல்ல இரண்டு குதிரைகள் வைத்திருக்கிறான். அதில் பெண் குதிரைக்குத் துரைசாணி என்று பெயர். சேறு பட்ட புல்லைத் தொடாது. பக்கத்துக் குதிரை வாய் வைத்த வாளியில் தண்ணீர் குடிக்காது. துரை வீட்டு அம்மாளைப் போல அவ்வளவு மிடுக்கு, பெயர் அதனால் வந்தது.

கார்த்திகை மழையில் ஒரு நாள் மேயப் போன துரைசாணி, எஸ்டேட் முள்கம்பி வேலியில் மாட்டிக்கொண்டு பின்தொடையைக் கிழித்துக்கொண்டது. கால்நடை மருத்துவர் சந்திரசேகர் வந்து தையல் போட்டார். மூன்றாம் நாள் புண் சீழ் வைத்தது, காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. ஊசியைக் கண்டதும் குதிரை பின்னங்கால்களில் எழுந்து நின்றதில் இரண்டு தையல் பிரிந்தது. ஊசி வேண்டாம் என்று முடிவு செய்த மருத்துவர் மாத்திரை கொடுத்தார். காலை, மாலை, பத்து நாள். ஒரு வேளையும் தவறக் கூடாது.

ஷெர்வின் கேரட்டுக்குள் வைத்துக் கொடுத்தான். கேரட் உள்ளே போனது, மாத்திரை தரையில் விழுந்தது. வாழைப்பழத்தில் வைத்தான், வெல்லத்தில் பொதிந்தான். பொடித்துத் தவிட்டில் கலந்தபோது துரைசாணி வாளியையே உதைத்துக் கவிழ்த்தது. கடைசியில் மூன்று பேர் சேர்ந்து வாயைத் திறக்கப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு ஆண்டனி ராஜின் விரலில் கடி விழுந்ததுதான் மிச்சம். இரண்டாம் நாள் சாயங்காலம் துரைசாணி கொள்ளு தின்பதையும் நிறுத்திவிட்டது. ஷெர்வின் கொட்டகைக்குள் நுழைந்தாலே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது.

அங்கன்வாடியைப் பூட்டிவிட்டு அந்த வழியாக வந்த பூவாயி, அவன் வாசற்படியில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பதைக் கண்டார்.

“ஏங் கண்ணு, ஊட்ல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லீயா?”

அவன் எல்லாவற்றையும் சொன்னான். “எங்கையால இனி எதுவும் திங்காது பூவாயிம்மா. என்னையப் பாக்கவே மாட்டேங்குது.”

“பின்ன என்ன சாமி பண்ணும்? நீ நீட்டினது அத்தனையிலயும் கசப்பு இருந்துச்சே. நம்பி வாய் வெக்குமா?”

டாக்டருக்குப் போன் போடச் சொல்லி அவரே பேசினார். “ஏனுங்க சார், காலையில வரைக்கும் பொறுக்கலாமுங்களா?”

“ஏற்கெனவே ரெண்டு நாள் போச்சும்மா. காலையிலயும் உள்ள போகலைன்னா ஆளுங்களோட வந்து மூக்குல கயிறு போட்டுத்தான் கொடுக்கணும். அது துள்ளினா மிச்சத் தையலும் பிரிஞ்சிரும்.”

“காலையில குடுத்துர்றேனுங்க” என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு எட்டுப் பின்னால் வந்தார்.

ஷெர்வினைக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மாத்திரைப் பொடி ஒட்டிய சட்டையை மாற்றிக்கொண்டு தூரமாகப் போகச் சொன்னார். ஒரு மாத்திரையைச் சுரண்டி நாக்கில் வைத்தார். தொண்டை வரை கசந்தது. பிறகு கொட்டகை வாசலில், குதிரைக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்தார். நேருக்கு நேர் பார்க்கப் பயம் என்பதும் அதற்கு ஒரு காரணம். மடியில் மகள் மலர் கொடுத்திருந்த இரண்டு கமலா ஆரஞ்சு இருந்தது. வாய்க் கசப்பு போவதற்காக ஒன்றை உரித்தார்.

சிறிது நேரத்தில் பிடரியில் சூடாக மூச்சு பட்டது. பூவாயி அசையவில்லை. தோளுக்கு மேலாகக் கழுத்தை நீட்டிய துரைசாணி, தரையில் கிடந்த ஆரஞ்சுத் தோலை உதட்டால் பொறுக்கி மென்றது. கொள்ளை ஒதுக்கிய பிறகு அது தின்ற முதல் தீனி.

மருத்துவர் விட்டுப் போயிருந்த ஊசியில்லாத பெரிய சிரிஞ்சுகளில் ஒன்றில் வெல்லத் தண்ணீரையும் ஆரஞ்சுச் சாற்றையும் நிரப்பினார். அதை நீட்டியதும் குதிரை துள்ளி விலகியது. பூவாயியும் துள்ளி விலகினார். தூரத்தில் நின்ற ஷெர்வினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிஞ்சின் வெளிப்பக்கம் முழுக்க வெல்லம் தடவி மறுபடியும் நீட்டினார். முகர்ந்தது, விலகியது. ஏழெட்டுத் தடவைக்குப் பிறகு நக்கியது. இருட்டுவதற்குள் சிரிஞ்சின் நுனியைக் கடைவாய் ஓரமாக விட்டு அழுத்தினால் விழுங்குகிற அளவுக்கு வந்திருந்தது. அன்று மருந்து எதுவும் கொடுக்கவில்லை. எல்லாமே இனிப்புதான்.

மறுநாள் காலை ஆறரை மணிக்குப் பனிக்குள் நடந்து வந்தார். மூன்று சிரிஞ்சு தயாராக இருந்தது. முதலில் வெல்லத் தண்ணீர். இரண்டாவதில் நைசாகப் பொடித்த மாத்திரை, சாற்றில் கரைத்தது. கொடுப்பதற்கு முன் குதிரையின் கன்னத்தில் கை வைத்து, “இது கசக்கும் சாமி” என்றார். உள்ளே போனதும் துரைசாணி மேலுதட்டைச் சுருட்டி, பல்லைக் காட்டி, தலையை ஆட்டியது. கொஞ்சம் அவர் சேலையில் தெறித்தது. உடனே மூன்றாவது சிரிஞ்சு. அதுவும் இனிப்பு. பூவாயி வாய்விட்டுப் பத்து வரை எண்ணினார். குதிரை விழுங்கிவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று அவர் கையை முகர்ந்தது.

அதன் பிறகு தினமும் வேலைக்குப் போகும்முன் ஒரு தடவை, வேலை முடிந்து ஒரு தடவை. மழையிலும் வந்தார். ஆறாம் நாள் மட்டும் சேலத்தில் பயிற்சிக் கூட்டம். குப்பனூர் வழியாகப் போகும் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்ததால் காலை மருந்தை ஷெர்வினிடம் ஒப்படைத்தார். அதுதான் பழகிவிட்டதே என்று அவன் நேராக மருந்தையே நீட்டினான். அவ்வளவுதான், குதிரை பழையபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டது.

சாயங்காலம் திரும்பிய பூவாயிக்கு வந்ததே கோபம். “மூணுன்னு சொன்னா மூணு. அதுக்கு நாம குடுத்த வாக்கு அது. நம்ம அவசரத்துக்குக் கொறைக்கலாமா?”

“தப்புதாங்க பூவாயிம்மா.”

“எங்கிட்ட சொல்லி என்ன? உள்ள வா. இன்னைக்கு நீதான் குடுக்கற.”

அரை மணி நேரம் அவன் கையால் இனிப்பு மட்டும் கொடுக்க வைத்தார். பிறகுதான் மருந்து. துரைசாணி அவன் கையிலிருந்தே விழுங்கியது. ஷெர்வின் அதன் கழுத்தில் முகம் புதைத்துக்கொண்டான். விட்டுப்போன வேளைக்கு ஈடாக, மருத்துவரைக் கேட்டு, பதினோராம் நாள் காலையிலும் ஒரு வேளை கொடுத்தார்கள்.

அன்று பார்க்க வந்த சந்திரசேகர், புண் சுத்தமாக மூடிக்கொண்டு வருவதைத் தடவிப் பார்த்தார். எப்படிக் கொடுத்தார்கள் என்பதை முழுக்கக் கேட்டுக்கொண்டு, பூவாயியிடம் திரும்பினார். “இருபது வருஷமா மருந்து எழுதறேன்மா. கொடுக்கறவங்க எப்படிக் கொடுப்பாங்கன்னு நான் யோசிச்சதே இல்லை. யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?”

“புள்ளைங்ககிட்டத்தானுங்க சார். நொம்ப நேரம் காத்திருக்கோணும், அவ்வளவுதான்.”

தை பிறந்ததும் துரைசாணி ஏரிக்கரைக்குத் திரும்பியது. தொடையில் ஒரு சாண் நீளத்துக்கு ரோமம் முளைக்காத கோடு இருக்கிறது. ஓட்டத்தில் குறையில்லை. ஒரு தரமாவது ஏறி உட்காரும்படி ஷெர்வின் எவ்வளவோ கெஞ்சினான். பூவாயி மறுத்துவிட்டார்.

மாசியில் ஏரிக்கரைக் குதிரைகளுக்கெல்லாம் பூச்சி மருந்து கொடுக்க வேண்டி வந்தது. குதிரைக்காரர்கள் ஒண்டிக்கடைச் சந்திப்பில் அவரைப் பார்த்துக் கேட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனார். ஐந்தில் நான்கு அன்றே குடித்துவிட்டன. சித்தன் என்பவரின் கறுப்புக் குதிரை மட்டும் அவரை அருகிலேயே விடவில்லை. அதற்காக அடுத்த வாரமும் போனார், அதற்கடுத்த வாரமும் போனார். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அதுவும் விழுங்கியது.