ஆபீஸ் கேட்டா நம்பர் கொடுப்போம்

பகல்ல நான் ரப்பர் தோட்டத்து ஸ்டோர்ல பால் நிறுக்கிறவன். வேலை முடிஞ்சா விவசாயி. போன்ல ஒரு கேம். அதுல எனக்கு ரெண்டு ஏக்கர் நிலம், பதினோரு மாடு, ஒரு குளம். நெசத்துல, நாங்க குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால இருக்கிற நாலடி மண்ணுல ஒரு மிளகாச் செடிகூட என் கைக்கு நின்னதில்ல.

"அண்ணே, உங்க மாடு இன்னைக்கு எத்தனை லீட்டர்?"னு பால் வெட்டுற பொம்பளைங்க கேப்பாங்க.

"உங்க மரத்தைவிட கூட"ன்னுட்டு நிறுப்பேன்.

கேமை போன்ல போட்டு, கணக்குத் திறந்து கொடுத்தது என் மக. அப்புறம் அவ கொடகவெலப் பக்கத்துப் பையன் ஒருத்தனை விரும்பிக் கட்டிக்கிட்டா. நான் கோவிச்சுக்கிட்டு கல்யாணத்துக்குப் போகல. ரெண்டு வருசமா பேச்சில்ல. வீட்டுக்காரி அவளோட போன் பேசுற நேரம் நான் விறகு எடுக்கக் கிளம்பிருவேன். வீட்டுல விறகு மட்டும் ஏகத்துக்கும் சேந்து போச்சு. ஆனா மக தினமும் கேம்ல என் பண்ணைக்கு வந்து கேரட்டுக்குத் தண்ணி ஊத்திட்டுப் போவா. நான் அவ பண்ணைக்குப் போய் கோழிக்குத் தீனி போடுவேன். ஒரு வார்த்தை எழுதிக்கிட்டது கிடையாது. எங்க உறவு மொத்தமும் அந்தக் கேரட்டுலதான் நின்னுச்சு.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில கேமுக்குள்ள சிங்களத்துல ஒரு மெசேஜ். கேம் ஆபீஸாம். கணக்கைச் சரிபாக்கணுமாம். பாஸ்வேர்டை அனுப்பு, இல்லன்னா இன்னைக்கே மூடிருவோம்னு போட்டிருந்துச்சு.

முந்தின வாரந்தான் ஸ்டோர்ல எல்லாரையும் நிறுத்தி வச்சு, "பேங்குன்னு எவனாவது போன் பண்ணா ஒண்ணும் சொல்லாதீங்க"ன்னு அரைமணி நேரம் பேசியிருந்தேன். பேங்குன்னு வந்திருந்தா உஷாரா இருந்திருப்பேன். வந்தது ஆபீஸ். தோட்டத்துல பொறந்தவன்கிட்ட ஆபீஸ் அவன் நம்பரைக் கேட்டா சொல்லிருவான், எதுக்குன்னு கேக்க மாட்டான். சம்பளத்துக்கும் அந்த நம்பர்தான், மருந்துக்கும் அந்த நம்பர்தான். நானே வச்ச பாஸ்வேர்டே என் செக்ரோல் நம்பர், தோட்டத்துப் பேர்ப்பதிவுல இருக்கிறது. காலையில பிரட்டுக்களத்துல ஆளுங்களை வேலைக்குப் பிரிக்கிறப்போ, கணக்கப்பிள்ளை மலைக்கே கேக்கிற மாதிரி கத்திக் கூப்பிடுறாரே, அதே நம்பர். அதைத்தான் நான் ரகசியம்னு வச்சிருந்தேன்.

அனுப்பினேன். அதோட விட்டேனா? கேக்காமலே கீழ் டிவிஷன், லயம், அப்பா பேரு எல்லாம் எழுதி, கடைசியில "ஸ்தூதி மஹத்தயா"ன்னு நன்றியும் சொன்னேன்.

டீ குடிச்சுட்டு வந்து பாத்தா, கேம் என்னை உள்ள விடல. என் சகலையும் அதே கேம்தான் ஆடுறாரு. அவர் போன்ல தேடிப் பாத்தோம்.

"மாட்டை வரிசையா வித்துக்கிட்டிருக்கான், சகல. என்னையும் ஃபிரெண்ட் லிஸ்ட்ல இருந்து தூக்கிட்டான்."

"மத்தவங்கள?"

"எல்லாரையுந்தான். ஃபிரெண்டுன்னு ஒரு ஆள் இல்ல உனக்கு. வெளியில மாதிரியே."

மாடு போனது கூட பெருசில்ல. சாயந்தரம் மக தண்ணி ஊத்த வருவா. அப்பா நம்மளத் தூக்கிட்டாருன்னுதான் நெனப்பா. கல்யாணத்துக்கு வராத மனுசன் இதையும் செய்வான்னு அவ நம்பாம இருக்க ஒரு காரணமும் இல்ல.

வீட்டுக்காரி போனை வாங்கி நானே அடிச்சேன்.

"சொல்லும்மா."

"அம்மா இல்ல. அப்பா பேசுறேன்."

"இப்பல்லாம் நெறைய பேரு ஏமாத்துறாங்க. எங்க அப்பான்னா, என் கல்யாணத்துக்கு என்ன கலர் சட்டை போட்டு வந்தாருன்னு சொல்லுங்க பாப்போம்"னா.

"வரலையேம்மா."

"சரி. அப்பாதான்."

விசயத்தைச் சொன்னேன். "செக்ரோல் நம்பரையா வச்சிருந்தீங்க?"ன்னு கேட்டா.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தோட்டத்துக்கே தெரியும்பா."

கணக்குத் திறக்கிறப்போ தன்னோட போன் நம்பரைத்தான் அவ கொடுத்திருந்தா. அதனால ஒரு மணி நேரத்துல மீட்டுட்டா. மாடு ரெண்டு மிச்சம். வேற பாஸ்வேர்டு வைக்கச் சொன்னா. கேமை விட்டு வெளிய வந்துட்டு திரும்ப உள்ள போனா ஒரு கோட் கேக்குமாம். அது அவ போனுக்கு வருமாம்.

"எனக்கு வந்தா ஆகாதா?"

"உங்களுக்கு வந்தா நீங்க ஆபீஸுக்கு அனுப்பிருவீங்க. யார் கேட்டாலும் பாஸ்வேர்டைச் சொல்லாதீங்கப்பா."

"ஆபீஸ் கேட்டா?"

"ஆபீஸ் அதைக் கேக்கவே கேக்காது."

இப்ப மாடு ஏழாயிருச்சு. வாரத்துல ரெண்டு மூணு தரம் கை தவறி கேமை விட்டு வெளிய வந்துர்றேன். கோட்டுக்கு மகளுக்குப் போன் போட வேண்டியிருக்கு. "கை தவறுற மாதிரி தெரியலயே"ங்கிறா வீட்டுக்காரி. கோட் சொல்றதுக்கு முன்னாடி மக ஒரு கேள்வி கேப்பா, நெசமாவே அப்பாதானான்னு பாக்க. கடைசியாக் கேட்டது, கொடகவெலைக்கு எங்க பஸ் மாறணும்னு.

தெரியாதுன்னேன்.

"வந்திருந்தாத்தானே தெரியும்"னுட்டு கோட்டைச் சொன்னா.

ஸ்டோர்ல விசாரிச்சேன். இரத்தினபுரியில மாறணுமாம். வர்ற ஞாயித்துக்கிழமை காலையில முதல் பஸ்ஸுக்கே போறோம்.