அக்கா கையில் வைத்த சாவி

இரும்புச் சாவியைக் கொஞ்ச நேரம் இறுகப் பிடித்துவிட்டு உள்ளங்கையை முகர்ந்தால் ஒரு துருவாடை வருமே, அது எனக்குச் சுமதி அக்காவின் வாடை. நூம்பலில் நாங்கள் குடியிருந்த வீட்டுச் சாவி அது, விரல் நீளம் இருக்கும். அக்காவுக்கு வலிப்பு வந்துவிட்டால் அம்மா போடும் கூச்சலில் தெருவே திரும்பிப் பார்க்கும்: “அடியே, சாவி எங்க கீது? சீக்கிரம் எடுத்தாடி!” சின்னவளான நான் ஓடிப்போய் ஆணியில் மாட்டியிருப்பதை எடுத்துவந்து அக்காவின் கையில் திணிப்பேன்.

வலிப்பு வருவதற்குச் சற்றுமுன் உடம்பை விட்டு மேலே போய்விடுவதாக அக்கா சொல்வாள். “நான் பரண் மேல கீறேன்டி. கீழ பாத்தா உங்க நடுவுல நானே படுத்துக்கினு கீறேன்.” அக்கம்பக்கத்தில் ‘காத்து கருப்பு’ என்றார்கள், வாய்க்கு வந்ததைப் பேச அவர்களுக்கு என்ன வலித்தது! அக்காவின் பயம் வேறு. மேலே போனவள் ஒருநாள் இறங்க வழி தெரியாமல் அங்கேயே நின்றுவிட்டால்? எனக்கும் அதே பயம்தான். “சாவி சில்லுன்னு படும்டி, அப்பதான் என் கை எங்க கீதுன்னு தெரியும். அத்தப் புடிச்சிக்கினு எறங்கிடுவேன்,” என்பாள்.

பூந்தமல்லி டாக்டர் அம்மாவைத் திட்டினார். “சாவியால எல்லாம் வலிப்பு நிக்காதும்மா. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, மாத்திரைய விடாம குடுங்க.” பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, கண்ணும் காதும் தோலும் தசையும் சொல்வதையெல்லாம் சேர்த்துப் பார்த்து, நீ இங்கேதான் இருக்கிறாய் என்று நம் மூளை ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது, அது கொஞ்சம் பிசகினால் உடம்பு ஓரிடம் நாம் ஓரிடம் என்று தோன்றிவிடும் என்று விளக்கினார்.

“அப்ப நான் எங்கியும் போவலியா டாக்டர்?” என்று கேட்டாள் அக்கா.

“எங்கயும் போகலம்மா.”

அடேயப்பா, அன்று அவள் முகத்தில் வந்த நிம்மதி! மாத்திரையில் வலிப்பு மெல்ல அடங்கியது. ஆனாலும் ஆணியில் தொங்கிய சாவி அதன்பின் அவள் தலையணைக்கு அடியிலேயே இருந்தது, கல்யாணமாகிப் போகும்போதுதான், “இனிமே நீ வெச்சிக்க,” என்று என்னிடம் கொடுத்தாள்.

நூம்பல் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். பருத்திப்பட்டில் அக்கா இருந்த ஃபிளாட்டிலோ நம்பரை அழுத்தினால் கதவு திறந்துகொள்ளும், சாவி என்ற பேச்சே கிடையாது. போன மாதம் மாரடைப்பு என்று போன் வந்தது, நான் போய்ச் சேர்வதற்குள் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். என் பீரோவிலிருந்து எடுத்துப்போன அந்தச் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டேன். சுற்றி நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

“எறங்கி வாக்கா,” என்றேன்.

வழியெல்லாம் நான் இறுக்கிக்கொண்டே வந்ததில் சாவி சூடேறியிருந்தது. அவள் கைதான் சில்லென்று இருந்தது.