சரிவுக் கல்

அம்மாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்தது, ஒரு கல்லைத் துடைத்ததுதான். அடுக்குப் பாறையிலிருந்து துளைத்தெடுத்த உருளையை அம்மா ஈரத்துணியால் துடைப்பாள். அடுக்குகள் கோடு கோடாகத் தெரியும். அது காய்வதற்குள் மகள் பென்சிலால் சாய்வை வரைந்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவள் வேலை. அழுத்தும் எந்திரத்தில் கல்லை ஏற்றி உடைப்பது சோடாபுட்டி. தடித்த கண்ணாடியால் அவனுக்கு விழுந்த பெயர்.

சோடாபுட்டி பரிசோதனைக் கூடத்தில் மகளுக்கு ஓராண்டு முந்தியவன். வயதும் படிப்பும் ஒன்றுதான். கூடத்துப் பொறுப்பு அம்மாவிடம். ஆனால் எந்திரம் என்றால் அவனைத்தான் கூப்பிடுவாள். "பெத்த பொண்ணைத் தூக்கி வச்சுக்கிட்டான்னு நாலு பேர் பேசக் கூடாது" என்று சாக்கு வேறு. அந்த நாலு பேரை மகள் ஒருநாளும் பார்த்ததில்லை.

கல் உடையும் நேரத்தில் அம்மாவும் அவனும் தலை முட்டக் குனிந்திருப்பார்கள்.

"கேட்டியாடா?"

"கேட்டுச்சுக்கா. முதல் விரிசல்."

தராசுப் பக்கம் நிற்கும் மகளுக்கு வயிறு எரியும். அம்மாவோடு ஒரே தலையணையில் படுத்து வளர்ந்தவள் அவள். எந்திரத்தடியில் மட்டும் அம்மா அவனுடையவள்.

அது ஒரு சுரங்கப்பாதைக்கான பாறை. அடுக்குக்குக் குறுக்கே அழுத்தினால் முரட்டுத்தனமாகத் தாங்கியது. அடுக்கு சரிந்திருந்தால் சீட்டுக்கட்டு போல வழுக்கிவிடும். எவ்வளவு பாரத்தில் என்று தெரியாமல் கூரைக்கு முட்டுக் கொடுக்க முடியாது. சரிவாக வெட்டிய இரண்டு கற்களில் ஒன்று வெட்டும்போதே பிளந்துவிட்டது.

"மிச்சமிருக்கறதை நீ ஏத்துடி" என்றாள் அம்மா, பேருந்தில். "முனைதான் சமமா இல்லை. பட்டறையில குடுத்துத் தேய்ச்சுட்டு வந்துடறேன்."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பை அம்மா பார்த்துவிடக் கூடாது.

அந்த வாரமே அம்மா போய்விட்டாள். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி வாசலைக்கூடத் தாண்டவில்லை.

துக்கம் கேட்க வந்த சோடாபுட்டி நாற்காலி நுனியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தான். கண் வீங்கியிருந்தது. மகளுக்கு இன்னும் அழுகை வரவில்லை. அதிலும் அவன் முந்திக்கொண்டான்.

"அக்கா பையில அந்தச் சரிவுக் கல் இருக்கும். குடுத்தா தேய்ச்சு ஏத்திடறேன். எனக்குன்னுதான் சொல்லியிருந்தாங்க."

"எனக்குன்னு சொன்னா."

அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். "என்கிட்டயும் சொன்னாங்க. 'அவகிட்ட சொல்லிடாதடா, மூஞ்சியத் தூக்கி வச்சுப்பா'ன்னாங்க."

இருவருக்கும் ஒரே கல். யாருக்கு என்று இனி யாரிடம் போய்க் கேட்பது?

"ரெண்டு பேருமா சேர்ந்து ஏத்தலாமே" என்றான்.

"எந்திரத்துல பிடி ஒண்ணுதான் இருக்கு."

அவன் எழுந்து போனான்.

அவள் பையைத் திறந்தாள். கல், ஈரம் போகாமல் பிளாஸ்டிக் தாளில் சுற்றியிருந்தது. முனையைத் தடவினாள். ஓரத்தில் மேடு. இப்படியே ஏற்றினால் பாரமெல்லாம் அந்த ஓரத்தில்தான் விழும். வருகிற எண் பொய்யாகிவிடும். கூடத்தில் அந்த எண்ணுக்காகத்தான் காத்திருக்கிறார்கள். பட்டறையும் போகிற வழியில்தான்.

தாளைத் திரும்பச் சுற்றி, பையை அம்மாவின் கொக்கியிலேயே மாட்டினாள். தேய்த்துக்கொண்டு வருவதாக அம்மா சொன்ன கல் இன்னும் தேய்க்கப்படவில்லை.