படத்தில் இருந்தது சவரிமுத்து சாரின் டீ கப்

ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. விருத்தாசலத்தில் பீங்கான் கப் செய்யும் கலியபெருமாள் அண்ணன். "மேடம், நம்ம சவரி சார் போயிட்டாருங்க" என்றார். காலையில் மாதா கோயிலுக்குக் கிளம்பிச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். அண்ணன் விசும்பி விசும்பி அழுதார். "நாலு வருசமா மூஞ்சி குடுத்துப் பேசலிங்க. அவரு பண்ணத நான் எப்பவோ மன்னிச்சிட்டேன். அத அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லாம வுட்டுட்டேனே மேடம்!" போனை வைத்துவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கினேன்.

சவரிமுத்து சாரை அறிந்தவர்களே, முப்பதாம் நாள் பூசைக்கு அச்சடிக்கும் மலரில் அவரைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தரும்படி அவர் மனைவி லூர்துமேரி கேட்டார். நல்ல வார்த்தைக்கா பஞ்சம்? ஆனால் அண்ணன் மன்னித்ததாகச் சொன்ன அந்தக் காரியம் சார் செய்ததல்ல. அதைச் சொல்லாமல் வேறு எதை எழுதினாலும் எனக்குக் கை கூசுகிறது.

விருத்தாசலம் செராமிக் ஆய்வுக்கூடத்தில் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த மேஜை. ஒருமுறை தராசுக்குப் பக்கத்தில் ஃபேன் ஓடியது என்பதற்காக மூன்று நாள் எடுத்த அளவுகளை மொத்தமாகத் தூக்கிப் போட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. "காத்து அடிச்சிருக்குதுன்னு நமக்குத் தெரியும்ல? தெரிஞ்சிக்கிட்டு எப்பிடிங்க எழுதறது?" என்றார். அவ்வளவுதான், மறுபடி முதலிலிருந்து எடை போட உட்கார்ந்துவிட்டார்.

அப்படிப்பட்டவரும் நானும் சேர்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினோம். வெளியூர்ச் சந்தைகளில் வாங்கிய மலிவுக் கப்புகளில், பளபளப்புக்கு மேலே தீட்டிய பூ வேலையிலிருந்து புளித்தண்ணீரில் ஈயம் கரைகிறதா என்று பார்த்தோம். சிலவற்றில் கரைந்தது. எங்கள் ஊர்க் கப் ஒன்றுகூட அந்தச் சோதனையில் இல்லை.

கட்டுரையோடு போட ஆய்விதழ்க்காரர்கள் ஒரு படம் கேட்டார்கள். சோதித்த கப்புகளையெல்லாம் உடைத்துப் பொடியாக்கி முடித்திருந்தோம். அன்று சார் லீவு. லூர்துமேரிக்குக் கண் ஆபரேஷன் என்று பாண்டிச்சேரி போயிருந்தார். நான் என்ன செய்தேன்? அவர் மேஜையிலிருந்த டீ கப்பை எடுத்துக் கழுவி, ஜன்னலோரம் வைத்துப் படம் பிடித்து அனுப்பிவிட்டேன். பீங்கான் ஊர்க்காரிக்கு எல்லாக் கப்பும் கப்தானே! நீலக்கோடு போட்ட அந்தக் கப்பைக் கலியபெருமாள் அண்ணன் ஆசையாகச் செய்து சாருக்குக் கொடுத்திருந்தார்.

வழக்கமாக எங்கள் கட்டுரைகளை எழுதிய நாங்களே இன்னொரு முறை படிக்க மாட்டோம். இது இணையத்தில் தீப்பிடித்த மாதிரி பரவியது. ஒரு கட்டுரையைப் பற்றி எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று காட்டும் எண் ஒன்று உண்டு. டீ குடிக்கும் நேரமெல்லாம் நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "சார், ஏறிக்கிட்டே போவுது!" என்று கத்தினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல படிச்சவங்க எத்தினி பேருன்னு இருக்குதுங்களா?" என்று கேட்டார். அப்போதுதான் படத்தைக் கவனித்தார். முகம் செத்துப்போனது.

கட்டுரையின் கீழே இருந்த எங்கள் விலாசத்தையும் அந்தப் படத்தையும் சேர்த்து, 'விருத்தாசலம் கப்பில் விஷம்' என்று வாட்ஸ்அப்பில் ஓட்டிவிட்டார்கள். அண்ணனின் சூளை அணைந்தது. அவர் நேராக ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். "என் கையால உனக்குக் குடுத்த கப்புய்யா அது! நீதான போட்ட?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் சார், "ஆமாங்க, தப்பு ஆயிடிச்சி" என்றார்.

அண்ணன் போனதும் நான் அழுதேன். "உங்க ஒப்பந்தம் அடுத்த மாசம் முடியுது. இப்ப இதச் சொன்னீங்கன்னா வூட்டுக்கு அனுப்பிருவாங்க. வேல நிரந்தரமாவட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்" என்றார் சார். அளவில் ஒரு புள்ளியைக்கூட மாற்றாத மனிதர் எனக்காகப் பொய் சொன்னார்.

படம் தவறு என்று திருத்தம் வெளியிட்டோம். அதை ஈ காக்கைகூடச் சீந்தவில்லை. சார் அதை அச்சடித்து எடுத்துக்கொண்டு பெண்ணாடம், கருவேப்பிலங்குறிச்சி என்று கப் விற்கும் கடை கடையாக ஏறி இறங்கினார். கடைக்காரர்கள் முகத்துக்கு நேரே ஏசினார்கள். "ஒருத்தர் நின்னு முழுசா படிச்சாருங்க" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டு வந்தார். மெல்ல மெல்லச் சூளை மறுபடி எரிந்தது. ஆனால் சார் மகள் கல்யாணத்துக்கு அண்ணன் வரவில்லை. பந்தியில் சார் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்து இலையில் உட்கார்ந்து பாயசம் சாப்பிட்டேன். என் வேலை நிரந்தரமாகி அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது.

சொல்லியிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்றே நாளைக் கடத்தினேன். அவரும் ஒருநாள்கூட என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபித்துக்கொண்டாவது சொல்லியிருப்பேன், பாவி.

கலியபெருமாள் அண்ணே, அவரிடம் நீங்கள் மன்னிக்க ஒன்றுமே இல்லை. அந்தப் படத்தை எடுத்தவள் நான், அனுப்பியவள் நான், நாலு வருடம் உங்கள் இருவரையும் பேசவிடாமல் வாய் மூடிக் கிடந்தவளும் நான்தான். சவரி சாரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொள்வது அந்தப் பழியை மட்டும்தான். அவர் பேரில் இனி அது வேண்டாம்.

புவனா