முத்தலிப் மரத்தில் இருக்கிறார்

மரத்தை அண்ணாந்து பார்ப்பதற்கு முன் முத்தலிப் தரையைப் பார்க்கிறார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று. நிறுத்தியிருக்கும் கார், பூட்டி வைத்த சைக்கிள், யாரோ பூனைக்கு வைத்துப்போன சோறு எல்லாம் கணக்கில் வரும். பிறகு, கீழே நின்று கயிறு பிடிக்கும் சேதுபதியிடம், "அந்தக் கார்காரரை வந்து எடுக்கச் சொல்லுங்க. கிளை விழுந்துச்சுன்னா, மரம் தானா வந்து இடிச்சிருச்சுன்னு எழுதுவாரு" என்கிறார். அதற்குப் பிறகுதான் தலைக்கவசத்தை மாட்டுகிறார்.

இது பழைய வேலை கொடுத்த புத்தி. அப்துல் முத்தலிப் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் இழப்பீட்டு மனுக்களைப் படிக்கும் அதிகாரியாக இருந்தவர். பனிச்சறுக்கில் காலை உடைத்துக்கொண்டவர், தாய்லாந்து மலைப்பாதையில் மோட்டார் சைக்கிளோடு உருண்டவர், படகிலிருந்து கடலில் விழுந்தவர் என்று ஊரிலிருக்கும் சாகசக்காரர்கள் எல்லாரும் அவர் மேசைக்கு வந்து போனார்கள். அவர் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நாற்பத்தெட்டு வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு, இடுப்பில் கயிறு கட்டி மரமேறிக் கிளை கழிக்கும் பயிற்சியில் சேர்ந்தார். ஏன் என்று கேட்டேன்.

"அடுத்தவன் விழுந்த கதையைப் படிச்சே தலை நரைச்சிருச்சு. எனக்குன்னு சொல்லிக்க ஒரு சிராய்ப்புகூட இல்ல லா."

இப்போது நிறைய இருக்கின்றன.

குவீன்ஸ்டவுனில் நாங்கள் ஒரே அடுக்குமாடி புளோக். மாலையில் மின்தூக்கியின் கதவு திறந்ததும் கோடாலித் தைலத்தின் வாடை அடித்தால் முத்தலிப் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். சிவப்பெறும்புக் கடிக்குத் தடவுகிறார். வேலைச் சட்டையை இன்றும் இஸ்திரி போட்டுத்தான் உடுத்துகிறார். முதல் வாரம் சட்டைப்பையில் பேனாகூட இருந்ததாம். உயரத்திலிருந்து யார் தலையிலாவது விழுந்து வைக்கும் என்று சேதுபதி பிடுங்கி வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து லிட்டில் இந்தியாவில் சாப்பிட உட்கார்ந்தால், பழைய அலுவலக நண்பர் ரவூப் விடமாட்டார்.

"என்ன முத்தலிப், குரங்குக்குப் போட்டியா?"

"குரங்குக்கு சிபிஎஃப் சேமநிதி கிடையாது லா. எனக்கு இருக்கு."

ரவூப் சிரித்து முடித்துவிட்டு, மேலிருந்து எடுத்த படங்களைக் காட்டச் சொல்லுவார். ஒவ்வொன்றையும் விரலால் பெரிதாக்கிப் பார்ப்பார். சோறு ஆறிப்போகும்.

சிரிக்காதவர் ஒருவர்தான், மனைவி ஷமீமா. பாலர் பள்ளி ஆசிரியை. கணவர் பயிற்சியில் சேர்ந்த அன்றே ஒரு நிபந்தனை போட்டுவிட்டார்: "ஒரு நாள் நேர்ல வந்து பார்ப்பேன். பார்த்துட்டு வேணாம்னு சொன்னா அன்னிக்கே விட்டுரணும், சரியா?" முத்தலிப் யோசிக்காமல் தலையாட்டினார். மாதங்கள் ஓடின, ஷமீமா போகவில்லை. கிராஞ்சியில் வேலை என்றால் பஸ் கிடைக்காது என்பார். ஜூரோங் என்றால் தலைவலி. முத்தலிப்புக்கு இதில் மனத்தாங்கல். "வந்து நாலு வார்த்தை திட்டிட்டாவது போகலாம். எட்டிக்கூடப் பார்க்க மாட்டேங்குறா" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

ஷமீமா என்னிடம் சொன்னது வேறு. "பார்த்தேன்னா வேணாம்னுதான் சொல்லுவேங்க. சொன்னா இறங்கிருவாரு. இறங்கினப்புறம் அந்த மனுஷன் மூஞ்சியை நான் எப்படிப் பார்க்குறது?" இதை அவரிடம் சொல்லக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டார். இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குப் பெரும்பாடாக இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை, எங்கள் புளோக்குக்கு முன்னால் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்துக்கே வேலை வந்துவிட்டது. பள்ளி விடுமுறை வேறு. ஷமீமா பஸ்ஸைச் சாக்குச் சொல்ல வழியில்லை. ஐந்தாம் மாடியில் அவர்கள் வீட்டுச் சமையலறைச் சன்னல் சாத்தியே இருந்தது.

முத்தலிப் ஏறினார். ஐந்தாம் மாடி உயரத்தில் ஒரு காய்ந்த கிளையைக் கயிற்றில் கட்டி அறுத்து இறக்கும்போது திடீரென்று காற்று அடித்தது. "பாய், பார்த்து!" என்று சேதுபதி கத்தினார். முத்தலிப் வெளிப்பக்கமாக ஊஞ்சல் போல ஒரு வீச்சு போய்த் திரும்பி வந்து, காலால் கிளையைத் தொட்டு நின்றார். சேதுபதி போட்ட சத்தத்தில்தான் சன்னல் திறந்தது.

கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஷமீமா. முத்தலிப் ரம்பத்தை உறையில் செருகினார். கீழே இறங்குவதற்கான பிடியில் கையை வைத்துக்கொண்டார். வார்த்தை கொடுத்தவர் அல்லவா, காத்திருந்தார். இந்த மனிதர் இறங்கிவிடக் கூடாதே என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

ஷமீமா கயிற்றை உச்சியிலிருந்து அவர் இடுப்புவரை பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தார். அப்புறம் சன்னல் கம்பிகளுக்கு நடுவே கையை வெளியே நீட்டி, அவர் தலைக்கு மேலே இடப்பக்கமாக, அவர் வெட்டாமல் விட்டிருந்த இன்னொரு காய்ந்த கிளையைச் சுட்டிக் காட்டினார்.